முறைக்குக் காத்திருத்தல்

'எல்லாருக்கும் பொது' என்னும் சொற்றொடரை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பொதுக்கிணறு, பொதுவழி, பொது மந்தை என்று சொல்லும்போது அது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நிலம் எல்லாருக்கும் பொது என்றால் அதன் பொருள் என்ன? அங்கே நம்மைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதா? அன்றி, அங்கே பிறருக்கு இடையூறாக நிற்க நமக்கு உரிமையில்லை என்பதா? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றல்ல என்பதைக் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே, நீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயின் உள்வாயில், ஒரு கோடைக்காலைப் பொழுதில் நாம் கற்க நேர்ந்தது. கற்பித்தவர்கள் சில நாய்களும், ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியும்.

கரிசல் நிலத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் உழவு பெரும்பாலும் வானத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைப்பார்கள். உளுந்தும் பாசியும், கம்பும் சோளமும், பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்து, தை, மாசி மாதங்களில் பெரும்பாலும் வீடு வந்து சேரும். அதன்பின் அந்தக் காடு வேலியற்ற ஒரு பெருவெளி. பட்டா நிலமாயினும் அறுவடை முடிந்தபின் ஆடு மாடுகள் மேய்வதைப் பொதுவாக எவரும் தடுப்பதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஓர் ஆட்டின் கால் முழுவதும் உள்ளே போய்விடும் அளவுக்கு ஆழமான வெடிப்புகள் அதில் உண்டு.

இந்தப் பெருவெளிதான் நம் வேட்டை நாய்களை உருவாக்கியது. சிப்பிப்பாறை என்னும் சிற்றூர் ஓர் இனத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. கன்னி, பால்கன்னி என்று வழங்கும் நாய்களும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளே. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்ற பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, கூரிய முகம். மோப்பம் பிடித்துத் தேடுவதைவிட, கண்ணால் கண்டு பாய்ந்து ஓடுவதே இவற்றின் இயல்பு. அண்டை ஊரான இராசபாளையத்து நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. இராசபாளையம், சிப்பிப்பாறை இரண்டையும் தனித்த இனங்களாகக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் பதிவு செய்திருக்கிறது. நம் ஊர் நாய்க்குக் கிடைத்த இந்த மதிப்பில் நமக்கும் ஒரு பெருமிதம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஓடுவதற்கென்றே பிறந்த நாயை எங்கே ஓட்டுவது? சொந்தமாக நிலம் உடையவர் தம் புஞ்சையில் ஓட்டலாம். தீப்பெட்டி ஆலையிலோ பட்டறையிலோ கூலி வேலை செய்துகொண்டு, தன் உணவில் பாதியை நாய்க்கு வைக்கும் இளைஞனுக்கு நிலம் ஏது? அவனுக்குக் கண்மாயும் மந்தையும் மேய்ச்சல் புறம்போக்குமே நிலம். எனவே ஞாயிறு காலைகளில் நாலைந்து பேர் நாய்களோடு அங்கே கூடுகிறார்கள். கூடிப் பழக்கினால்தான் நாய் கூட்டத்துக்கு மிரளாமல் வளரும்; ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கும். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

அன்று நாம் கண்டதும் அத்தகைய ஒரு கூட்டந்தான். எட்டு இளைஞர்கள், ஆறு நாய்கள். உடன் சென்ற நாம் வேடிக்கை பார்ப்பவராகக் கரைமேல் நின்றோம். சாக்குத் துணியைப் பொதியாகச் சுருட்டிக் கயிற்றில் கட்டி, மோட்டார் சைக்கிளில் இழுத்துச் சென்றார் ஒருவர். மயிலை நிற நாய் ஒன்று அதன் பின்னே பாய்ந்தது. கால்கள் நான்கும் மண்ணைத் தொடாத அந்த ஒரு கணத்தின் அழகை என்னென்பது! இரண்டாவது நாயும் ஓடி முடித்தது. மூன்றாவது நாயை அவிழ்க்கும் வேளையில், எங்கோ ஒரு சீமைக்கருவேலம் புதரிலிருந்து முயல் ஒன்று கிளம்பிற்று. அவ்வளவுதான். பிடித்திருந்த கைகளில் சில தளர்ந்தனவா, தளர்த்தப்பட்டனவா என்பதை நாம் அறியோம். நான்கு நாய்கள் ஒருசேரப் பாய்ந்தன.

முயல் தப்பிவிட்டது. ஆனால் அது ஓடிய வழியில், கண்மாயின் மறுபுறத்தில், ஓர் ஆட்டுக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நாய்கள் ஆடுகளைக் கடிக்கவில்லை. ஆடுகளுக்கு அது தெரியாதல்லவா? மிரண்டு சிதறிய கூட்டத்தில் ஒரு சினையாடு வெடிப்பில் கால் மாட்டி விழுந்தது. முன்னங்கால் ஒடிந்துவிட்டது. கம்பை ஊன்றி ஓடிவந்த மூதாட்டி ஆட்டின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இளைஞர்களில் ஒருவர், பயத்தினாலோ வெட்கத்தினாலோ, சற்றுக் கடுமையாகவே சொன்னார்: "நாங்க யாரு எடத்துலயும் ஓட்டலையே பாட்டி. இது பொது எடந்தான?"

மூதாட்டி அவரை ஏசவில்லை. ஆட்டைத் தடவிக்கொண்டே, "பொது எடந்தான் ராசா. அப்போ எனக்கும் பொதுதான?" என்றார்.

அதற்கு மறுமொழி எவரிடமும் இல்லை. கரைமேல் நின்ற நம்மிடமும் இல்லை.

அந்த ஒரு கேள்வியை எண்ணிப் பார்ப்போம். இளைஞர் சொன்னது பொய்யன்று. ஆனால் 'பொது' என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள், 'இதற்கு உடையவன் இல்லை. ஆகவே கேட்பாரில்லை' என்பது. மூதாட்டி கொண்ட பொருளோ, 'இதற்கு உடையவர் பலர்; ஆகவே ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும்' என்பது. ஒரே சொல், ஒரே நிலம், எதிரெதிரான இரண்டு அறங்கள்.

முதற்பொருளை நமக்குள் ஊன்றியதில் ஆட்சிக் கணக்குக்கும் பங்குண்டு. 'புறம்போக்கு' என்ற சொல்லையே பாருங்கள். வரிக்கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். ஆடு மேயவும், வண்டி போகவும், மழைநீர் தங்கவும், களமடிக்கவும் ஊர் வைத்துக்கொண்ட நிலம், வரி தராத ஒரே காரணத்தால் 'புறம்' போயிற்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது, எட்டயபுரம் போன்ற ஜமீன்களின் தரிசும் புறம்போக்கும் அரசின் வசமாயின. காலப்போக்கில் அச்சொல் ஒரு வசவாகவும் மாறிவிட்டது. ஊருக்கே சோறிட்ட நிலத்தின் பெயரால் மனிதனை இழித்துரைக்கும் நாம், அந்த நிலத்தை எப்படி நடத்துவோம்? வலிமையுடையவர் வேலி போட்டுக்கொள்ள, ஊர்ப் பொதுநிலங்கள் நாடெங்கும் சுருங்கின. 2011-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் ஆணையிட வேண்டியதாயிற்று.

அறிஞர் உலகிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டு கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வோர் இடையனும் இன்னும் ஒரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவான். ஆதாயம் அவனுக்கு, அழிவு எல்லாருக்கும். ஆகவே பொதுநிலம் அழிந்தே தீரும் என்பது அவர் வாதம். எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் பெண்மணி அதை ஏற்கவில்லை. உலகின் பல பகுதிகளில் ஊரார் தாமே விதி செய்து காத்துவந்த காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் வாய்க்கால்களையும் அவர் ஆராய்ந்தார். அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்னும் மலைக்கிராமம். குளிர்காலத்தில் தன் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற இயலுமோ, அத்தனை மாடுகளையே கோடையில் பொது மலைக்கு ஓட்டலாம் என்று அவ்வூரார் 1517-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். 2009-ஆம் ஆண்டு ஆஸ்ட்ரம் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்; அப்பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. நமக்கு இது புதிதா? கண்மாய்த் தண்ணீரை நீர்ப்பாய்ச்சியின் கையில் ஒப்படைத்து, எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைத்துப் பாய்ச்சிய மக்கள் நாம். 'முறை' என்ற நம் சொல்லில் ஒழுங்கும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது, ஒருவர்பின் ஒருவர் என்ற வரிசையும் இருக்கிறது.

இதற்கும் முன்னே, நான்காம் நூற்றாண்டில், புனித பசிலியார் ஓர் உவமை சொன்னார். நாடகக் கொட்டகைக்கு முதலில் வந்தவன், எல்லாருக்கும் உரிய காட்சியைத் தனதாக்கிக்கொண்டு, பின்னே வருவோரை உள்ளே விடாமல் தடுத்தால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டார். செல்வரை நோக்கிக் கேட்டது அது. ஆனால் கண்மாய்க்குள் முதலில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியவனையும் அந்தக் கேள்வி விடுவதில்லை. முன்னால் வந்தது உரிமையாகாது.

நாயைப் பழக்கும் கலையில் வேறொரு மரபும் உலகில் உண்டு. அதையும் இங்கே கருதுவது பயன் தரும். நம் காவல்துறையின் துப்பறியும் பிரிவில் நாம் காணும் லாப்ரடார் நாய், முதலில் 'எடுத்துவரும்' வேலைக்கென உருவான இனம். பறவை சுடப்பட்டு விழுந்த இடத்தைப் பார்த்து நினைவில் வைத்து, ஏவியபின் சென்று, பல் பதியாமல் கவ்வி, எசமானின் கையில் கொண்டுவந்து கொடுப்பது அதன் தொழில். இன்று மேலைநாடுகளில் அதைப் பழக்குவோர் பெரும்பாலும் துணிப்பொதியை எறிந்தே பழக்குகிறார்கள். அவர்களும் குழுவாகக் கூடுகிறார்கள். அவர்களிலும் நிலமில்லாதோர் பொதுநிலத்தையே நாடுகிறார்கள்.

அந்தப் பயிற்சியில் மிகக் கடினமான பாடம் எது தெரியுமா? ஓடுவதன்று, நீந்துவதன்று, எடுத்து வருவதுமன்று. பொதி விழுவதைத் தானும் பார்த்துவிட்டு, பக்கத்து நாயின் பெயர் அழைக்கப்படும்போது, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அசையாமல் அமர்ந்திருப்பது. உடல் நடுங்கும், தொண்டையில் முனகல் எழும், ஆயினும் எழக்கூடாது. அமெரிக்காவில் உயர்நிலைத் தேர்வுகளில் இதைச் செய்யாத நாய் தேறாது. இதற்கு அவர்கள் வழங்கும் சொல்லின் பொருள் 'மதிப்பளித்தல்' என்பது. மற்றொன்றின் முறைக்கு மதிப்பளித்தல்!

நம் கன்னி நாயையும் சிப்பிப்பாறையையும் இப்படி அமர்த்திவிட முடியுமா? ஓரளவு முடியலாம், முற்றிலும் முடியாது. கண்டதும் பாய்வது அவற்றின் குருதியில் கலந்த குணம். தலைமுறை தலைமுறையாக நாமே அதைத் தேர்ந்து வளர்த்தோம். லாப்ரடாரின் பொறுமையை அவற்றிடம் எதிர்பார்ப்பது நீதியாகாது. ஆகவேதான் பொறுப்பு இடம் மாறுகிறது என்கிறோம். நாயால் இயலாத பொறுமையை, அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் கை கற்றாக வேண்டும். அன்று கண்மாயில் தவறியது நாயன்று. அது தன் இயல்பைச் செய்தது. மனிதனுடைய இயல்போ பாய்வது மட்டுமன்று. நிறுத்திக்கொள்வதும் அவனுக்கு இயலும். அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அடங்க இயலாதவனுக்கு அடக்கத்தை உபதேசிப்பது வீண். இயன்றும் அடங்காதவனுக்கே அது உபதேசம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'ஏழை இளைஞனின் ஒரே மகிழ்ச்சியையும் பறிக்கப் பார்க்கிறீர்களா? ஓட்டம் இல்லையேல் இனமே அழியாதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாய்களைப் பொதுநிலத்திலிருந்து விரட்டச் சொல்வோமானால், மூதாட்டியின் கேள்வி அப்படியே நம்மீது திரும்பும். பொது என்றால் நாய் வளர்ப்பவனுக்கும் பொதுதானே? எனவே விலக்குவது விடையன்று. முறை வைப்பதே விடை.

முறை என்பது பெரிய காரியமுமன்று. ஆடு மேய்ப்போரிடம் முன்னாளே ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் எப்பக்கம் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆடுகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் ஒரு நாயையும் அவிழ்ப்பதில்லை என்று கூடியிருப்போர் உறுதி கொள்ளலாம். ஒரு நாய் ஓடும்போது மற்றவை கட்டிலிருக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் எவனுடைய நாய் என்று பாராமல் கூடியவர் அனைவரும் பங்கிட்டு ஈடு கொடுக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் திறந்தவெளிகளில் மக்கள் நடமாட உரிமை தந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், கால்நடை அருகிலிருக்கும் எக்காலத்திலும், மார்ச் முதல் நாளிலிருந்து ஜூலை இறுதிவரை எவ்விடத்திலும், நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. உரிமையைத் தந்த கையே கயிற்றின் நீளத்தையும் அளந்து தந்திருக்கிறது.

மார்ச் முதல் ஜூலைவரை ஏன்? அது தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம். நம் கரிசலிலும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடுகிறது. கவுதாரி புதரடியில் குஞ்சு பொரிக்கிறது. காடு வெறுமையாகி, நாய் ஓட்ட வசதியாகும் அதே மாதங்கள்! வெறும் நிலம் என்று நாம் காண்பது அவற்றுக்குப் பிள்ளை பெற்ற வீடு. பொதுநிலத்தின் உடையவர் பட்டியலில், வாய் பேசாத இவர்களையும் சேர்க்க வேண்டாமா?

முயலும் அப்பட்டியலில் உண்டு. புறநானூற்றுக் காலத்திலேயே வேட்டுவனோடு நாய் நடந்திருக்கிறது. முயல் வேட்டை நம் முன்னோர்க்கு உணவாகவும் விளையாட்டாகவும் இருந்தது. இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கும் முடிவு கட்டிய 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நிலை வேறு. கொல்வது மட்டுமன்று, நாயை விட்டுத் துரத்துவதும், அதற்கு முயல்வதும்கூட இன்று அச்சட்டத்தின்படி வேட்டையே. 1836-இல் தொடங்கி முயலின் பின் நாய்களை ஓட்டிவந்த புகழ்பெற்ற வாட்டர்லூ கோப்பைப் போட்டியும், இங்கிலாந்தில் அத்தகைய ஓட்டம் தடை செய்யப்பட்டபோது 2005-ஆம் ஆண்டோடு நின்றது. நாய்கள் அழிந்துவிடவில்லை. இழுவிசையில் ஓடும் துணிப்பொதியின் பின்னே அவை இன்றும் ஓடுகின்றன. நாய்க்கு வேண்டியது ஓட்டம், குருதி அன்று. இதை நம் இளைஞர்களும் சாக்குப்பொதியால் கண்டறிந்துதான் இருந்தார்கள். முயல் கிளம்பிய அந்தக் கணத்தில் மட்டும் மறந்துவிட்டார்கள்.

அந்தக் கணத்தை எளிதாகப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. முயல் கிளம்பியதும் கரைமேல் நின்ற நாமும் மூச்சை அடக்கிக்கொண்டு, நாய்கள் பாய வேண்டுமென்றே விரும்பினோம். ஆட்டுக்கூட்டம் நம் கண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது. 'பிடியுங்கள்' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வேடிக்கை பார்ப்பவனுக்குப் பொறுப்பில்லை என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். பொதுநிலத்தில் வேடிக்கை பார்ப்பவன் என்று ஒருவனும் இல்லை. அங்கே நிற்கும் ஒவ்வொருவனும் உடையவன், ஆகவே காவற்காரனும்கூட.

அன்று கடுமையாகப் பேசிய இளைஞரே பின்பு அந்த ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மூதாட்டியின் ஊர்வரை நடந்தார். மூங்கில் சிம்பு வைத்து ஆட்டின் காலைக் கட்டினார்கள். ஈடாகச் சேர்ந்த பணத்தில் நாமும் நம் பங்கைக் கொடுத்தோம். மூதாட்டி எண்ணிப் பார்க்காமலே முடிந்துகொண்டார். அதன் பிறகும் அவர்கள் அக்கண்மாயில் கூடுகிறார்கள். ஆனால் முதலில் ஒருவர் கரையேறி நாற்புறமும் பார்க்கிறார். ஆடுகள் கண்ணில் பட்டால் கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டு எல்லாரும் கருவேல நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாய்கள் பொறுமையிழந்து முனகும். ஆடுகள் மெதுவாகக் கடந்து போகும்.

அந்த முனகலின் நடுவே, எழாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் அக்கண்மாய் உண்மையிலேயே பொதுநிலமாக இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம்.